தறிக்காரர் வீட்டு ரேஸ் கார்

ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதப்படுவதில் முக்கால்வாசி தல புராணம். மூடுபனி, மலைப்பாதை, சாமுராய் வாள், பொறியாளரின் தவம் என்று ஆரம்பிப்பார்கள். டொயோட்டா 2000ஜிடி என்பது ஃபுஜி மலையடிவாரத்தில் தானாக முளைத்த சுயம்பு என்கிற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தெருவுக்கு ஒரு தல புராணம் வைத்திருக்கும் காஞ்சிபுரத்துக்காரர்களிடம் இந்த ஜோடனை செல்லாது. அதிலும் முசரவாக்கம் பக்கம், தறிச் சத்தம் காதில் விழ வளர்ந்தவனுக்கு இந்தக் கதையின் ஊற்றுக்கண் எங்கே என்று பார்த்ததும் தெரிந்துவிடும். சுயம்புவும் இல்லை, தவமும் இல்லை. எல்லாம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் சேர்ந்து பண்ணிய வேலை.

சகிச்சி டொயோடாவிலிருந்து ஆரம்பிப்போம். 1867-ல் ஒரு தச்சருக்குப் பிறந்தவர். சுற்றி எல்லா வீட்டிலும் பெண்கள் தறியில் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அப்பாவுக்குக் கூடமாட மரம் இழைக்காமல், தறியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் அவரைக் கிறுக்கன் என்றது. எந்த ஊரும் அப்படித்தான் சொல்லும். 1890-ல் ஒரே கையால் ஓட்டக்கூடிய மரத்தறி செய்தார். 1924-ல் ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி வந்தது. அதில் நாடாவில் நூல் தீர்ந்தால், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு நாடா வந்து உட்கார்ந்துகொள்ளும். பாவில் ஒரு இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும்.

இந்தத் தறி ஓடும் வீடியோவை எங்கள் பெரியப்பாவிடம் காட்டினேன். குழித்தறியில் கால் தொங்கப் போட்டபடியே பார்த்தார்.

“இழை அறுந்தா தானே நின்னுடுதா?”

“ஆமா பெரியப்பா.”

“என் தறியும்தான் நின்னுடுது. நான் எழுந்து போய் டீ குடிச்சிட்டு வரேன். இதைப் போய் எவன்கிட்டடா வித்தான்?”

இங்கிலாந்தில் ஓல்டம் என்ற ஊரில் இருந்த பிளாட் பிரதர்ஸ் கம்பெனியிடம் என்றேன். 1929-ல், ஒரு லட்சம் பவுண்டுக்கு. பெரியப்பா காதில் அது ஒரு லட்சம் பவுன் என்று விழுந்தது. கை நாடாவை விட்டுவிட்டது. பவுன் இல்லை பெரியப்பா, பவுண்டு என்று திருத்தப் போய், பிறகு கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்தக் காலத்தில் ஒரு பவுண்டின் மதிப்பு ஒரு தங்கப் பவுன் காசு. லட்சம் பவுன் என்றால் ஏறக்குறைய 800 கிலோ தங்கம். லங்காஷயர் மில் துணி வந்து நம் நெசவாளர்கள் வயிற்றில் அடித்தது என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்த மில்களுக்கு எல்லாம் இயந்திரம் செய்து கொடுத்தவர்கள் இந்த பிளாட் பிரதர்ஸ். அவர்களையே ஒரு தறிக்காரர் வீட்டுப் பிள்ளை சீமை வரைக்கும் போய் மொட்டை அடித்திருக்கிறார் என்று தெரிந்ததும் பெரியப்பாவுக்கு ஜப்பான்காரர்கள் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

அந்தக் காசை வைத்துக்கொண்டு நம் ஊராக இருந்தால் நாலு காணி நிலம் வாங்கியிருப்பார்கள், ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருப்பார்கள். சகிச்சியின் மகன் கிச்சிரோ, தறி ஃபாக்டரியின் ஒரு மூலையில் கார் செய்யப் போகிறேன் என்று உட்கார்ந்தார். 1933-ல் தறிக் கம்பெனிக்குள் கார் பிரிவு தொடங்கியது. 1936-ல் முதல் கார் விற்பனைக்கு வந்தது. 1937-ல் டொயோட்டா மோட்டார் தனிக்குடித்தனம் போனது.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைத்தால், பக்கத்து ஊரைப் பாருங்கள். சகிச்சி பிறந்த இடத்துக்கு அண்டையில் ஹமாமட்சு என்று ஒரு ஊர். பருத்தி நெசவுக்குப் பேர்போனது, அவர்களுடைய காஞ்சிபுரம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே மிச்சியோ சுசுகி என்ற இளைஞர் அம்மாவுக்கு ஒரு தறி செய்து கொடுத்தார். அம்மா நெய்த வேகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்து அம்மாக்கள் எல்லாம் எனக்கொன்று, எனக்கொன்று என்று வர, 1909 அக்டோபரில் சுசுகி தறிப் பட்டறை தொடங்கியது. பிற்பாடு அது கைலி நெய்யும் தறி செய்து தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பியது. சுசுகி என்ற பெயர் மோட்டார் உலகத்துக்குள் நுழைவதற்கு முன் கைலி உலகத்தில் புழங்கியிருக்கிறது.

சோய்ச்சிரோ ஹோண்டாவும் அதே வட்டாரம். அப்பா கொல்லர், அம்மா நெசவில் கை தேர்ந்தவர். யமஹா? 1887-ல் அதே ஹமாமட்சுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழுதான ஆர்கனை ரிப்பேர் பார்க்கப் போன டொரகுசு யமஹா, நானே ஒன்று செய்தால் என்ன என்று ஆரம்பித்தது. நிஸான்கூட ஒரு காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சி ஊடை கோர்க்கும் தறி செய்து விற்றது. மஸ்தா மட்டும் இந்தச் சொந்தத்தில் சேராது. அவர்கள் ஹிரோஷிமாவில் கார்க் வியாபாரத்தில் ஆரம்பித்தவர்கள்.

சுசுகி தறியை விட்டு மோட்டாருக்குத் தாவிய கதை இன்னும் விசேஷம். போருக்குப் பிறகு பருத்தி மார்க்கெட் சரிவு, வேலைநிறுத்தம் என்று தறி வியாபாரம் படுத்தது. சுசுகி வீட்டு மாப்பிள்ளை ஷுன்சோ மீன் பிடிக்கப் போய்விட்டு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துத் திரும்பும்போது கால் கழன்றுபோய், இதில் ஒரு மோட்டாரைக் கட்டினால் என்ன என்று யோசித்ததாகச் சொல்வார்கள். 1952-ல் வந்தது 36 சிசி மோட்டார் வைத்த சைக்கிள். மாமனார் தறி ஓட்ட, மாப்பிள்ளை மீன் பிடிக்கப் போயிருக்கிறார். நம் வீடுகளில் இதற்கு என்ன பேச்சு விழுந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே அது கம்பெனி வரலாற்றில் முதல் அத்தியாயமாகிவிட்டது.

சரி, ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்று மாலை போடப்படும் டாட்சன் டிசி-3, 1952-ல் வந்தது. லாரி சேஸியின் மேல் திறந்த பாடி, 860 சிசி எஞ்சின், 20 குதிரைத் திறன். 50 வண்டி செய்தார்கள், 30 விற்றது. மீதி 20 வண்டியின் பாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் லாரியாக்கி விற்றுவிட்டார்கள். விற்காத கல்யாணப் புடவையை அறுத்துப் பாவாடையாக்கி விற்கத் தெரிந்த ஊரில் இதற்காக யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு டிசி-3 கிடைத்தால் அதைக் கண்ணாடிக்குள் வைத்துச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். அந்த 20 லாரியும் எங்கே முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு செத்தனவோ.

1963-ல் ஹோண்டாவின் எஸ்500. ஜப்பான் அரசு அப்போது, இருக்கிற கார் கம்பெனிகளே போதும், புதிதாக யாரும் வர வேண்டாம் என்று சட்டம் போடப் பார்த்தது. மோட்டார் சைக்கிள்காரர் மோட்டார் சைக்கிளோடு நிற்கட்டும் என்பது அதிகாரிகள் நினைப்பு. ஹோண்டா இரும்பு அடிக்கிற வீட்டுப் பிள்ளை, வாய் சும்மா இருக்குமா? சண்டை போட்டார். சண்டையோடு சண்டையாகச் சிவப்புக் கலருக்கும் ஒரு போராட்டம். சிவப்பு தீயணைப்பு வண்டிக்கு மட்டும்தான் என்று அங்கே விதி. நமக்கு அரக்குக் கலரில் புடவை இல்லாமல் கல்யாணமே கிடையாது, அங்கே அரக்குக் கலரில் கார் ஓட்ட அரசாங்கத்திடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் சிவப்பு கிடைத்தது. கார் உள்ளுக்குள் பாதி மோட்டார் சைக்கிள்தான்: 531 சிசிக்கு நாலு கார்புரேட்டர், பின் சக்கரத்துக்குச் செயின். ரிப்பேருக்கு வந்தால் கார் மெக்கானிக்கும் பைக் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மஸ்தாவின் காஸ்மோ 1967. முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சின். எஞ்சின் சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்துகொண்டே இருந்தது. ‘சைத்தானின் நகக்கீறல்’ என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் அதைத் தீர்க்க வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பூசாரியைக் கூப்பிட்டிருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே வேப்பிலை அடித்து முடித்திருப்பார். இவர்கள் ரோட்டரின் முனையில் உரசும் சீலை கார்பன் கலந்த அலுமினியத்தில் மாற்றிப் பேயை ஓட்டினார்கள்.

அதே 1967-ல்தான் அந்தச் சுயம்பு மூர்த்தி, டொயோட்டா 2000ஜிடி. இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், 150 குதிரைத் திறன். அதை டொயோட்டா தன் கையால் செய்யவில்லை, யமஹா பட்டறையில் கட்டினார்கள். ஆர்கனும் பியானோவும் செய்கிற கம்பெனி என்பதால் டேஷ்போர்டு மரம் பிரமாதம். மொத்தமே 351 வண்டி. அமெரிக்காவில் போர்ஷை விட விலை அதிகம் வைத்ததால் வாங்க ஆளில்லை. ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடிக்க வாய்ப்பு வந்தது. ஷான் கானரி ஆறடி இரண்டங்குலம், காரின் உயரம் நாலடிக்கும் கீழே. உட்கார்ந்தால் தலை இடித்தது. ஹீரோவைக் குனிய வைக்க முடியாது, காரின் கூரையை அறுத்துவிட்டார்கள். அன்றைக்கு அறுத்துப் போட்ட அதே மாடல் 2013-ல் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆசியக் கார் ஒன்று அந்தத் தொகையைத் தொட்டது அதுதான் முதல் முறை.

இப்போது காஞ்சிபுரத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஆளுக்கு வருகிறேன். அவருக்கே இந்தச் சம்பந்தம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1909 செப்டம்பர் 15. சின்ன காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில் அண்ணா பிறக்கிறார். அதே நாள், அதே வருஷம், ஜப்பானில் யுடாகா கட்டயாமா பிறக்கிறார். ஜோசியர்கள் இதை இதுவரை கவனிக்காமல் விட்டது அவர்கள் தொழிலுக்கே பெரிய நஷ்டம்.

கட்டயாமா நிஸான் கம்பெனியில் விளம்பர வேலை பார்த்தவர். 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றும் மொபில்கேஸ் ராலிக்கு இரண்டு டாட்சன் காரோடு போனார். ஒன்றுக்கு ‘ஃபுஜி’, இன்னொன்றுக்கு ‘சகுரா’ என்று பெயர். ‘ஃபுஜி’ தன் வகுப்பில் ஜெயித்துவிட்டது. ஊர் திரும்பியவருக்கு வரவேற்பு. வரவேற்பு என்றாலே ஆபீசில் மேலே இருக்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்குமே, அதுவும் நடந்தது. ஏற்கெனவே தொழிற்சங்க விஷயத்தில் அவர் வேறு பக்கம் சாய்ந்தவர். 1960-ல் அமெரிக்காவில் மார்க்கெட் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று கலிஃபோர்னியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது நம் அரசு அலுவலகங்களின் கண்டுபிடிப்பு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

அங்கே போனவர், அமெரிக்கர்கள் மனசுக்கு எப்படிப்பட்ட கார் பிடிக்கும் என்று டோக்கியோவுக்கு எழுதித் தள்ளினார். நீளமான மூக்கு, இரண்டு சீட்டு, ஆறு சிலிண்டர், வாத்தியார் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலை. அந்தக் கார் 1969 அக்டோபரில் வந்தது. ஜப்பானில் அதன் பெயர் ஃபேர்லேடி இசட். நிஸான் தலைவர் கட்சுஜி கவமட்டா பிராட்வேயில் ‘மை ஃபேர் லேடி’ நாடகம் பார்த்துவிட்டு வந்து மயங்கி, ஏற்கெனவே ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு வைத்த பெயர் அது. முதலாளி வைத்த பெயர், யார் வாய் திறப்பது? கட்டயாமா வாய் திறக்கவில்லை, கையை வைத்தார். அமெரிக்காவுக்கு வந்த வண்டிகளில் ஃபேர்லேடி எழுத்தைப் பிடுங்கிவிட்டு 240இசட் என்று ஒட்டச் சொன்னார். விலை 3,526 டாலர். விற்றுத் தீர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரே நாளில் பிறந்த இரண்டு பேர். ஒருவர் மெட்ராஸ் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தார், அது அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14. இன்னொருவர் ஃபேர்லேடியை 240இசட் ஆக்கினார், அதே 1969-ல். இரண்டு பேரும் மேலிடத்தோடு ஒத்துப்போகாதவர்கள். ஆனால் ஆயுள் விஷயத்தில் ஜாதகம் சறுக்கிவிட்டது. அண்ணா 59 வயதில் போய்விட்டார். கட்டயாமா 105 வயது வரைக்கும் இருந்து, ஷோவுக்கு ஷோ போய், ரசிகர்களின் டேஷ்போர்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த 240இசட்டுக்குத் துருப் பிடிப்பதில் உலகப் புகழ். 1997-ல் அமெரிக்க நிஸான் ஒரு வேடிக்கை செய்தது. பழைய 240இசட் கார்களைத் தானே தேடி வாங்கி, பிரித்து, துரு நீக்கி, புதுசாக்கி, ஷோரூமில் வைத்து 25 ஆயிரம் டாலர் கிட்ட விலை போட்டு விற்றது. நாற்பது வண்டிக்குள்ளேயே மூச்சு வாங்கி நிறுத்திவிட்டார்கள். பழைய காரைப் புதுசாக்குவது புதுக் கார் செய்வதை விட அதிக செலவு என்று ஒரு கார் கம்பெனியே கைக்காசு போட்டுத் தெரிந்துகொண்டது. நம் தெருக்களில் பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் இதில் கெட்டிக்காரர். புடவையைப் புதுசாக்கும் வேலையே வைத்துக்கொள்ள மாட்டார். ஜரிகையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்.

2005-லிருந்து கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஜப்பானியப் பழைய கார்களுக்கென்றே வருஷா வருஷம் ஷோ நடக்கிறது. இந்த மாதிரி ஷோக்களில் மதிப்பெண் போடுகிறவர்கள் செய்வதைப் பார்த்தால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாண ஜவுளிக்கு வந்த அத்தைமார்கள் நினைவுக்கு வருவார்கள். புடவையை விரித்ததும் அத்தை நகத்தால் ஜரிகையை லேசாகச் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் சுத்த ஜரிகை. தெரியாவிட்டால் அவர் முகத்தில் அது தெரியும், பேச்சே இருக்காது, புடவை நகர்ந்துவிடும். அங்கேயும் அதேதான். ரேடியேட்டர் குழாயின் கிளிப் அந்த வருஷத்து கிளிப்தானா, போல்ட் தலையில் உள்ள முத்திரை சரியா, கதவு சாத்தும்போது வருகிற சத்தம் ஃபாக்டரிச் சத்தமா, ரிப்பேருக்குப் பிந்தைய சத்தமா? கார் ஓடுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் இப்படி ஒரு காரை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவன் பாடு தனி. பழைய கார் இறக்குமதி செய்ய வேண்டுமானால் 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரானதாக இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி. மேலே சொன்ன டிசி-3 எப்போது வந்தது? 1952. ஜப்பானின் முதல் ஸ்போர்ட்ஸ் காரே இரண்டு வருஷத்தில் பஸ்ஸைத் தவறவிட்டது. 2025-ல்தான் அந்தக் கோடு நகர்ந்து, ஐம்பது வயது ஆன வண்டி வரலாம் என்றானது. ஆனால் வரி வண்டி விலையைத் தாண்டிப் போகும். உள்நாட்டிலேயே இருக்கும் கிழவண்டிகளுக்கு 2021-ல் ஒரு ஏற்பாடு வந்தது: முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தால், 20,000 ரூபாய் கட்டி, நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து சேர்த்துப் பதியலாம். ஆனால் தினப்படி ஓட்டக் கூடாது. ஷோ, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். அதாவது சட்டப்படி பெட்ரோல் போட ஓட்டலாம், ஓட்ட பெட்ரோல் போடக் கூடாது.

ஆகவே தமிழ்நாட்டில் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் வெளியிலிருந்து வரவில்லை. நாமே செய்துகொண்டோம். அதற்கும் தறி வீட்டு மாப்பிள்ளைதான் வழி விட்டார்.

சுசுகி குடும்பத்துக்குள் ஒசாமு மட்சுடா என்ற பேங்க் ஊழியர் மாப்பிள்ளையாக வந்தார். மாமனார் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு ஒசாமு சுசுகி ஆனார், 1978-ல் தலைவரானார். வீட்டோட மாப்பிள்ளை என்று நாம் இளக்காரமாகச் சொல்கிற பதவியில் இருந்துகொண்டு உலகம் முழுக்கக் கார் விற்றார். இந்தியாவில் கார் செய்யப் பேச வந்தபோது, எதிரில் மாருதி தரப்பில் உட்கார்ந்தவர் தஞ்சைப் பக்கத்துக் கருவேலி கிராமத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. 1982-ல் ஒப்பந்தம், 1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-இன் சாவி. மூன்று சிலிண்டர், 796 சிசி. அதே காலத்தில், 1985-ல், பட்டுப்புடவையைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று மத்திய அரசு சட்டம் போட்டது. ஒரு கையால் தறிக்காரர் கம்பெனியைக் காருக்கு அழைத்து வந்தார்கள், இன்னொரு கையால் விசைத்தறியைப் பட்டுப் பக்கம் வராதே என்று துரத்தினார்கள். பெரியப்பா இரண்டையும் வரவேற்றார். சட்டத்தால் அவர் தறி ஓடியது, ஓடிய தறியால் அவர் மைத்துனர் 800 வாங்கினார்.

இந்த 796 சிசி எஞ்சினைப் பார்த்து, கறிகாய் வாங்கவும் பிள்ளையை ஸ்கூலில் விடவும் ஆனது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் வேறு மாதிரி நினைத்தார். எஸ். கரிவரதன், லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. பஞ்சும் நூலுமாக வளர்ந்து, சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர். சோழவரம் என்றால் இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம். அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திக்கொண்டிருந்தது. கரி அந்த 800 எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டகத்தில் முதுகுப் பக்கம் பூட்டி, ஃபைபர் பாடி மாட்டி, ஒற்றை சீட் ரேஸ் காராக்கிவிட்டார். அதுதான் ஃபார்முலா மாருதி, 1988 வாக்கில் களத்துக்கு வந்தது. தறி செய்தவர்களின் எஞ்சின், நூல் நூற்றவர்களின் சட்டகம். இதற்கு மேல் ஜாதகப் பொருத்தம் யாரும் பார்க்க முடியாது. ஸ்பேர் பார்ட்ஸ் தெருமுனைக் கடையில் கிடைக்கிற ரேஸ் கார் உலகத்தில் எத்தனை இருந்திருக்கும்? கரி 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் தடத்துக்கு அவர் பெயர்.

1990-ல் ரேஸ் சோழவரத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. பெங்களூர் ஹைவேயில், சென்னையிலிருந்து வந்தால் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால். காஞ்சிபுரத்துப் புடவை மூட்டையோடு தி.நகருக்குப் போகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் அங்கேதான் ஃபார்முலா மாருதியில் கை பழகினார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஜோர்டன் அணி. எஞ்சின்? டொயோட்டா. தறி விடாது. அமெரிக்காவில் டயர் தகராறில் பதினாலு கார் ஒதுங்கிக்கொள்ள, ஆறே ஆறு கார் ஓடிய ரேஸில் நாலாவதாக வந்து ஐந்து பாயிண்ட் வாங்கினார். ஆறு பேரில் நாலாவதா என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாயிண்டைத் திருப்பிக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. 2019-ல் அவர் ஜப்பானுக்கே போய், ஃபுஜி தடத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டி ஜெயித்தார்.

இதெல்லாம் கோவைப் பெருமை, முசரவாக்கத்தில் என்ன இருக்கிறது என்றால், ஆர்எக்ஸ்100 இருக்கிறது. நாலு சக்கரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2000ஜிடி கட்டிய அதே யமஹா. 1985-லிருந்து 1996 வரை வந்தது. 98 சிசி, 11 குதிரைத் திறன், 103 கிலோ. முதலில் வந்த வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. அதனால் இன்றைக்கும் வண்டி பார்க்க வருகிறவன் முதலில் உட்கார்ந்து பார்ப்பது எஞ்சினில் ஜப்பான் முத்திரையைத்தான். அத்தையின் நகம் இங்கேயும் உண்டு.

பெரியப்பா மகன் தன்னுடையதைத் தறி அறையிலேயே வைத்துப் பிரித்தான். சைலன்சரைக் கழற்றி, காஸ்டிக் சோடா ஊற்றி ராத்திரி முழுக்க ஊறப் போட்டான். காலையில் கவிழ்த்தால் கருப்புக் குழம்பாகப் பல வருஷத்து ஆயில் கரி வந்தது. சிலிண்டரை போர் போடக் கொடுத்தான், பிஸ்டனுக்காகப் புதுப்பேட்டைக்கு நடையாக நடந்தான். கடைக்கார அண்ணன், “ஒரிஜினல் வேணுமா, ஒரிஜினல் மாதிரி வேணுமா தம்பி?” என்று கேட்பாராம். இரண்டுக்கும் விலை அதேதான், பதில் சொல்லும்போது முகத்தை வைத்துக்கொள்கிற விதம்தான் வேறு. எல்லாம் பூட்டி முதல் உதை உதைத்ததும் வீடு முழுக்க நீலப் புகை. தறியில் பாதி முடிந்த மயில்கழுத்துக் கலர் முகூர்த்தப் புடவை. பெரியப்பா அச்சுப்பலகையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். அவர் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. புடவையில் டூ-ஸ்ட்ரோக் வாசனை போக மூன்று நாள் ஆனது. அதைக் கட்டிக்கொண்ட மணப்பெண்ணுக்கு இன்று வரை விஷயம் தெரியாது.

கடைசியாக ஒன்று. டாட்சன் என்ற பெயரை 1980-களில் நிஸானே புதைத்துவிட்டது. பிறகு அதைத் தோண்டி எடுத்து உயிர் கொடுக்கலாம் என்று அப்போதைய நிஸான் தலைவர் கார்லோஸ் கோனுக்கு ஆசை வந்தது. டிசி-3-இன் டாட்சன், கட்டயாமாவின் டாட்சன் எங்கே மறுபிறவி எடுத்தது தெரியுமா? எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில். 2014 மார்ச்சில் டாட்சன் கோ விற்பனைக்கு வந்தது. நவம்பரில் மோதல் சோதனையில் பூஜ்யம் ஸ்டார் வாங்கியது. இந்தக் காரை விற்காதீர்கள் என்று சோதனை அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி கோனுக்குக் கடிதம் எழுதினார். கோன் 2018-ல் ஜப்பானில் கைதானார், 2019 டிசம்பரில் ஆடியோ கருவிகள் வைக்கும் பெட்டிக்குள் சுருண்டு படுத்து விமானம் ஏறித் தப்பித்தார். 2022 ஏப்ரலில் ஒரகடத்து டாட்சன் இரண்டாம் முறையாகச் செத்தது.

நான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தக் காரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள் என்று. 2029-ல் பதினைந்து வயதாகும்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஏழு முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினால் 2064. ஐம்பது வயது, ‘விஏ’ நம்பர், லாங் பீச் ஷோ. வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைத் தட்டிப் பார்த்து, ஏர்பேக் எங்கே என்று கேட்பார். ஃபாக்டரியிலிருந்து வரும்போதே இல்லை சார், ஒரிஜினல் கண்டிஷன் என்று சொல்ல வேண்டியதுதான். முழு மார்க்.